எண்ணாமல் எழுதிய பத்து

போன வாரம் என் மகள் ஷாலினி தன் சான்றிதழ்களைக் கூடத்துத் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்து, போனால் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி உடல் தகுதிச் சான்றிதழ் வரைக்கும். போனே ஓரங்களை வெட்டியது, கோணலை நிமிர்த்தியது, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கிக் கொடுத்துவிட்டது. புதிதாகச் சேரப்போகும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"எத்தன பக்கம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்குப்பா."

"எத்தனன்னு கேட்டேன்."

"ஐயோ, பேஜார் பண்ணாதப்பா. அனுப்புறேன்."

"அனுப்பாத" என்று கத்திவிட்டேன். போனைப் பிடுங்கிவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினாள். இது ஏதோ வேண்டாத பயம் என்று அவள் நினைத்திருப்பாள். பெண் பேருந்தில் ஏறினால் இறங்கும்வரை மூன்று முறை போன் செய்கிற ஆள்தான் நான். ஆனால் இந்தப் பயத்துக்குக் காரணம் வேறு. என்னோடு வேலை பார்த்த பழைய ஊழியர்கள் சேர்ந்து கொண்டுவரும் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் தட்டிக்கழித்து வந்ததற்கும் அதுவே காரணம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை. அதன் ரெக்கார்டு செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, இரண்டு வருஷத்துக்கு முன் விருப்ப ஓய்வில் வந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுப்பேன், வந்த ஃபைலைத் திரும்ப வைப்பேன், கரையான் மருந்து அடிப்பேன். வேலை என்று ஒன்று தொடங்கியது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், சென்னையிலிருந்து அட்டைப்பெட்டியில் ஒரு ஸ்கேனர் வந்து இறங்கியபோதுதான். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு மருத்துவ ஃபைல் உண்டு. மார்பு எக்ஸ்ரே அறிக்கை, காது டெஸ்ட், மூச்சை ஊதுகிற டெஸ்ட் என்று ஓர் ஆளுக்கு முப்பது நாற்பது தாள் சேர்ந்திருக்கும். அவ்வளவையும் கணினியில் ஏற்ற வேண்டும், ஓர் ஆளுக்கு ஒரே ஃபைல் என்பது உத்தரவு. மெஷினோடு வந்த பையன் மூன்று நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மீதியைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் செக்‌ஷன் தலைமை, ருக்மணி மேடம். திருப்பாச்சூரிலிருந்து வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைக்கிற நேரம் நீளமாக இருந்தால் கோபமும் பெரிது என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு என்றால் எனக்கும் முனிரத்தினத்துக்கும். முனி ஆரம்பாக்கத்துக்காரன். வீட்டில் பாதித் தெலுங்கு, ரயிலில் முழுக்கச் சீட்டுக்கட்டு. என்னைவிட இரண்டே வயது இளையவன், ஆனாலும் அப்பா என்கிற மாதிரி என்னை "நைனா" என்றுதான் கூப்பிடுவான்.

மேடம் வகுத்த முறை இதுதான். முதலில் ஃபைலின் கயிற்றை உருவி, பின்களைப் பிடுங்கி டப்பாவில் போட வேண்டும். ஒரு பின் உள்ளே போனால் மெஷினின் கண்ணாடியில் கீறல் விழும். அதன்பின் வருகிற ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடு ஓடும். அடுத்தது மடிந்த முனைகளை நிமிர்த்துவது. இதற்கு மேடம் கண்டுபிடித்த கருவி அவருடைய டிபன் பாக்ஸ். காலையில் சூடாக வரும் அதன் அடிப்பாகத்தை இஸ்திரிப் பெட்டி மாதிரி தாளின் மேல் தேய்ப்பார். எங்கள் ஃபைல்கள் சிலவற்றில் இன்றைக்கும் சாம்பார் வாசனை இருந்தால் ஆச்சரியமில்லை. சின்னச் சீட்டுகளை முழுத் தாளில் ஒட்ட வேண்டும். தாளின் பின்பக்கம் எழுத்து இருந்தால், மெஷின் முன்பக்கம் மட்டுமே பார்க்கும் என்பதால், ஜெராக்ஸ் எடுத்துச் சேர்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு எண்ணுவது. ஒருவர் முன்னாலிருந்து எண்ணுவார், அடுத்தவர் பின்னாலிருந்து. எண்ணியதைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, மடித்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் மேடத்திடம் கொடுக்க வேண்டும்.

"இன்னா மேடம், இது எலெக்‌ஷனா?" என்பான் முனி.

"ஆமாம்ப்பா. ரெண்டு பேரும் ஜெயிச்சாத்தான் ஃபைல் ஜெயிக்கும்" என்பார் மேடம்.

இரண்டு சீட்டும் ஒத்துப்போனால் ஒரு மஞ்சள் தாளில் அந்தத் தொழிலாளியின் டோக்கன் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலின் தலையில் வைப்பார். அந்த மஞ்சள் தாளில் தடித்த கறுப்புப் பட்டைகள் அச்சடித்திருக்கும். பத்து ஃபைல் சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டை மெஷினில் வைத்தால் தாள் தாளாக இழுக்கும். பட்டைத் தாளைப் பார்த்ததும், முந்தைய ஆளின் ஃபைலை மூடிவிட்டு அடுத்த ஆளுக்குப் புது ஃபைல் திறக்கும். மஞ்சள் தாளை மட்டும் கணக்கில் சேர்க்காது. முடிந்ததும் பதிவேட்டில் இரண்டு கட்டம் நிரப்ப வேண்டும். மொத்தப் பக்கம் ஒரு கட்டம், ஃபைல் எத்தனை என்பது அடுத்த கட்டம். இரண்டையும் திரையைப் பார்த்து எண்ணி எழுதுவது என் பொறுப்பு.

ஃபைல் எத்தனை? பத்து. எப்போதும் பத்துதான். பத்து வைத்தால் பத்துதானே வரும்?

அந்த ஐப்பசியில் நான்கு நாளாக அடைமழை. அறைக்குள் இருந்த தாளெல்லாம் நமத்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. மெஷின் அடிக்கடி இரண்டிரண்டாக இழுத்தது. ஒவ்வொரு தடவையும் பக்கக் கணக்கு குறையும், கட்டைத் திரும்ப வைப்போம். மதியம் மூன்று மணி இருக்கும், ஷாலினியின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. தண்ணீர் ஏறுகிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள் என்றார்கள். அவள் அப்போது யுகேஜி. அவள் அம்மா துணிக் கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தாள்.

"நீ கெளம்பு நைனா. கொழந்த நின்னுகினு இருக்கும்" என்றான் முனி.

ஓடிக்கொண்டிருந்த கட்டு முடிந்தது. திரையில் மொத்தம் முந்நூற்று அறுபத்திரண்டு. சீட்டுகளின் கூட்டலும் முந்நூற்று அறுபத்திரண்டு. நனைந்த காகிதத்தில் ஒன்றுகூடக் குறையாமல் வந்த சந்தோஷத்தில் அதை எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் பத்து என்று எழுதினேன். எண்ணவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஷாலினி பள்ளிக் கொட்டகையில், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். "ஏம்ப்பா லேட்டு?" என்று கேட்டாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தபோது, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்ட நிம்மதியைத் தவிர என் மனசில் வேறொன்றும் இல்லை.

அந்தக் கட்டில் டோக்கன் நானூற்றுப் பதினேழு காதர் பாய். உலைப் பகுதியில் இரும்பு உருக்குகிறவர். பழவேற்காட்டில் இறால் வியாபாரக் குடும்பம், அதில் அவர் ஒருவர்தான் ஃபாக்டரிக்கு வந்தவர். அடுத்த எண், நானூற்றுப் பதினெட்டு, ஏழுமலை. ஊத்துக்கோட்டைப் பக்கம். வார்ப்பு ஆறியதும் அச்சு மணலை உடைத்து உதிர்க்கிற கொட்டகையில் வேலை. அங்கே நின்றால் இரண்டு கஜத்துக்கு அப்பால் ஆள் தெரியாது, அவ்வளவு புழுதி.

ஃபாக்டரியின் பழைய டாக்டர் ஓய்வு பெற்று, ஆறேழு மாதம் அந்த இடம் காலியாக இருந்தது. மாசியில் புது டாக்டர் வந்தார். முதல் வேலையாக எல்லார் ஃபைலையும் கணினியில் திறந்து, கடைசிப் பக்கங்களைப் பார்த்து, நுரையீரல் கெட்டிருக்கிறவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் காதர் பாய் பெயர் இருந்தது. மூச்சு டெஸ்ட் மோசம், உடனே உலையிலிருந்து எடுங்கள், சென்னையில் பெரிய டெஸ்டுக்கு அனுப்புங்கள். மறுநாளே அவரை ஸ்டோர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சென்னையில் தேதி கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று.

வைகாசியில் ஒரு நாள், சென்னைக்குப் போவதற்கு முந்தைய நாள், அவர் எங்கள் அறைக்கு வந்தார்.

"மேடம், என் ஃபைல ஒரு தபா காட்டுங்க. எனக்கு நெஞ்சு கெட்டுப்போச்சாம். ஊட்ல எல்லாரும் அழுதுகினு கெடக்கறாங்க. எம் பொண்டாட்டி நாஷ்டாவ ஸ்பூன்ல ஊட்டி உடறா மேடம், ஸ்பூன்ல!"

முனி சிரித்துவிட்டான். "நல்லதுதான பாய். என் ஊட்ல தட்டுகூட நான்தான் கழுவணும்."

"சிரிக்காதடா. ஏரியில முங்குனா நூறு எண்ணுற வரைக்கும் மூச்சு புடிப்பேன், தெரியுமா?"

"பந்தயத்துக்கு டப்பு கட்டறியா பாய்?"

"டப்பு இன்னாத்துக்கு? எண்ணு" என்று சொல்லி, காதர் பாய் கன்னத்தை உப்பி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முனி எண்ணத் தொடங்கினான். இருபதில் கேலியாக எண்ணியவன் ஐம்பதில் மெதுவானான். எழுபதில் அறையில் மூச்சுவிட்டதாகத் தெரிந்தது நாங்கள் மூன்று பேர்தான். தொண்ணூற்று நான்கில் பாய் கையை எடுத்து, முகமெல்லாம் சிவந்து, "போதுமா?" என்றார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"தேவராஜ், இவர் ஃபைலத் தெற. எத்தன பக்கம்?"

திறந்தேன். "எழுபத்தி மூணு மேடம்."

மேடம் பழைய சீட்டுகள் ஒட்டிய நோட்டை இழுத்தார். விரலை வைத்து வரி வரியாக இறக்கினார். "நானூத்திப் பதினேழு. முப்பத்தெட்டு. நீ எண்ணுனதும் முப்பத்தெட்டு, முனி எண்ணுனதும் முப்பத்தெட்டு." அடுத்த வரிக்கு விரல் போனது. "நானூத்திப் பதினெட்டு. முப்பத்தஞ்சு."

முப்பத்தெட்டும் முப்பத்தைந்தும் எழுபத்துமூன்று. நான் கூட்ட வேண்டியிருக்கவில்லை. திரையில் நானூற்றுப் பதினெட்டைத் தேடினேன். அப்படி ஒரு ஃபைலே இல்லை.

நடந்தது இதுதான். அந்த மழை நாளில் பதினேழின் கடைசித் தாளோடு பதினெட்டின் மஞ்சள் தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. மேலிருந்த தாளை மெஷின் படம் எடுத்தது. அடியிலிருந்த மஞ்சளைப் பார்க்கவே இல்லை. ஆகவே பழைய ஃபைலை மூடவும் இல்லை, புதியதைத் திறக்கவும் இல்லை. ஏழுமலையின் அத்தனை தாளையும் காதர் பாயின் வாலில் கட்டிவிட்டது. பக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை, அதனால் மொத்தம் சரியாக வந்தது. குறைந்தது ஒரு ஃபைல் மட்டும்தான். கடைசிப் பக்கங்கள் மூச்சு டெஸ்டின் சின்னக் காகிதப் பட்டைகள். அவற்றில் பெயர் இருக்காது. டோக்கன் எண்ணைப் பின்பக்கம் எழுதுவார்கள், வெறும் எண்தானே என்று அதற்கு ஜெராக்ஸ் எடுப்பதில்லை, தாளில் ஒட்டினால் மறைந்துபோகும். டாக்டர் திரையின் தலைப்பில் காதர் பாய் என்று பார்த்தார், கடைசியில் கெட்ட நுரையீரலைப் பார்த்தார்.

மேடம் உள்ளறைக்குப் போனார். ஸ்கேன் முடிந்த காகிதங்களை அரைக்க அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து இரண்டு முறை கடிதம் வந்தும், "ஒரு வருஷம் போகட்டும்" என்று அவர் மூட்டை கட்டி வைத்திருந்தார். அந்த மூட்டையிலிருந்து நானூற்றுப் பதினெட்டை எடுத்துவந்து, கடைசித் தாளில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் மெல்ல உரித்துத் திருப்பினார். நீல மையில் 418.

"அப்ப இது ஏழுமலையோடதா?" என்றார் காதர் பாய். அவர் முகத்தில் சந்தோஷம் வந்து, வந்த வேகத்தில் போனது. "யா அல்லா. அந்தாளு இன்னும் மணல்லதான நின்னுகினு கீறான்?"

காதர் பாய் மறுநாள் சென்னைக்குப் போயிருந்தால் நெஞ்சு சுத்தம் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். டாக்டர் குணமாகிவிட்டது என்று எழுதி அந்த ஃபைலை முடித்திருப்பார். ஏழுமலையை யாருமே தேடியிருக்க மாட்டார்கள். கணினியில் ஃபைல் இல்லாத ஆள் டாக்டரின் பட்டியலில் எப்படி வருவான்?

மேடம் பதிவேட்டைத் திறந்து என் முன் வைத்தார். "இந்தப் பத்து யார் எழுத்து?"

"என்னுது மேடம்."

"எண்ணினியா?"

"இல்ல மேடம். அன்னிக்கு மழ... பாப்பாவக் கூப்புட..."

மேடம் சிவப்பு மையால் என் பத்தை அடித்து, பக்கத்தில் ஒன்பது என்று எழுதினார். அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதற்கும் கீழே தானும் போட்டார். "நீ எண்ணல. எண்ணினியான்னு நான் கேக்கல. வாப்பா, போய் அந்த மனுஷன்கிட்ட நீயே சொல்லு."

மணல் கொட்டகைக்கு மேடமும் முனியும் நானும் நடந்தோம். காதர் பாயை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். ஏழுமலை முகத்தில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டு வெளியே வந்தார். கண் இமை எல்லாம் மணல். நான் சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. உங்கள் டெஸ்ட் மோசம், மூன்று மாதம் முன்னாலேயே உங்களை இங்கிருந்து எடுத்திருக்க வேண்டும், என் தப்பால் விட்டுப்போனது என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டே இருமினார். இருமி முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இருமலு வந்துகினே இருந்துச்சு சார். நான் பீடியாலன்னு நெனச்சிகினு பீடிய உட்டுட்டேன். இருவது வருசப் பழக்கம் சார், உட்டுட்டேன். அப்பவும் நிக்கல. இன்னாடா இதுன்னு பாத்தேன்."

அதில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேனோ என்னவோ. காதர் பாய் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வா ஏழுமல. ஸ்டோராண்ட எனக்கு ஒரு ஸ்டூலு போட்டாங்க. இனிமே அது உனுது. உக்காந்து உக்காந்து மூட்டப்பூச்சியக் கொன்னு வச்சிகிறேன், பயப்படாம உக்காரு" என்றார். ஏழுமலை சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது.

அன்றைக்கே அவரை மணலிலிருந்து எடுத்தார்கள். சென்னையில் காதர் பாய்க்கு வாங்கிய தேதியில் ஏழுமலை போனார். மூன்று மாதம் முன்னால் எடுத்திருந்தால் என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது, நுரையீரல் கொஞ்சம் மிச்சமாகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பதிலோடுதான் இத்தனை வருஷமும் இருக்கிறேன். எனக்கும் மேடத்துக்கும் மெமோ வந்தது. தன் மெமோவை மேடம் மேசைக் கண்ணாடிக்கு அடியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டார். அதன்பின் ஏற்றி முடித்த அத்தனை கட்டுகளையும் திறந்து ஃபைல்களை எண்ணினோம். முனி ரயிலை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்தான், ஒரு நாள்கூடக் குத்திக்காட்டவில்லை. இன்னொரு கட்டிலும் ஒன்பதுதான் இருந்தது. நல்லவேளையாக, அதில் ஒரே ஃபைலாகிப்போன இருவரும் நல்ல நெஞ்சுக்காரர்கள்.

ஏழுமலை ஓய்வு பெறும்வரை ஸ்டோர் வாசலில் இருந்தார். மாடி ஏற முடியாது, வேகமாக நடக்க முடியாது. பொங்கலுக்குப் பொங்கல் ஊத்துக்கோட்டைக்குப் போய் அவரைப் பார்க்கிறேன். போகும்போதெல்லாம் "பாப்பா இன்னா படிக்குது சார்?" என்று முதலில் கேட்பார். அவள் பள்ளிக் கொட்டகையில் நின்ற நாள்தான் அது என்று நான் அவரிடம் சொன்னதில்லை. ஷாலினியிடமும் சொன்னதில்லை. பெண் குழந்தை, தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளுமோ என்று பயம்.

போன வாரம் சொன்னேன். சான்றிதழ்கள் தரையில் கிடக்க, அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, "நான் லேட்டுன்னு வேற கேட்டேனாப்பா?" என்றாள்.

"நீ சின்னப் புள்ள. எண்ண வேண்டியது நான்."

அவள் எழுந்து போய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டாக்கி, ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் தரையிலிருந்த தாள்களை முன்னாலிருந்து எண்ணினேன். அவள் போனில் பின்னாலிருந்து எண்ணினாள். மடித்து மாற்றிக்கொண்டோம். இரண்டிலும் இருபத்தொன்று.

"இப்ப அனுப்பலாமா?"

"ஃபைல் எத்தன?"

"ஒன்னுதாம்ப்பா. அதக் கூடவா எண்ணுவாங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போன் திரையில் விரலை வைத்து, பள்ளிப் பிள்ளை மாதிரி சத்தமாக, "ஒன்னு" என்று எண்ணினாள்.